ஒருமுறை விலை, ஓயாத வேலை

2022 ஏப்ரலில், ஐபோனுக்கு ஆப் எழுதும் சிலருக்கு ஆப்பிளிடமிருந்து ஒரு மின்னஞ்சல் போனது. உங்கள் ஆப் நெடுங்காலமாகப் புதுப்பிக்கப்படவில்லை, 30 நாளுக்குள் புதிய பதிப்பை அனுப்புங்கள், இல்லையென்றால் கடையிலிருந்து எடுத்துவிடுவோம் என்பது அதன் சாரம். குரல் எழுப்பியவர்களில் தனியாளாக உட்கார்ந்து சின்ன விளையாட்டுகளை எழுதியவர்கள் இருந்தார்கள். அந்த விளையாட்டுகள் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. சேர்க்க ஒன்றுமில்லை, நீக்கவும் ஒன்றுமில்லை. முடித்துவிட்ட ஒன்றை எதற்காகத் திறந்து மாற்ற வேண்டும் என்று கேட்டார்கள். சர்ச்சை பெரிதான பிறகு ஆப்பிள் விளக்கம் கொடுத்தது: மூன்று ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாமலும், பதிவிறக்கம் அறவே இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருக்கும் ஆப்களுக்குத்தான் இந்த அறிவிப்பு. கெடுவும் 90 நாள்வரை நீண்டது.

கெடு நீண்டதே தவிர, அவர்கள் கேட்டதற்குப் பதில் வரவில்லை. செல்போன் ஆப் என்பது ஒருமுறை செய்து விற்றுவிடக்கூடிய பொருளா, விற்ற பிறகும் செய்துகொண்டே இருக்க வேண்டிய வேலையா? தனியாளாக ஆப் எழுதிப் பிழைக்கிற ஒவ்வொருவரின் வரவு செலவும் இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. ஆப் கடைகள் வந்த நாள் முதலாக, வாங்குகிற நாம் அதைப் பொருளாக நினைத்து விலை கொடுத்தோம். எழுதுகிறவர்கள் அதை வேலையாகச் செய்துவந்தார்கள். திரையை மறைக்கும் விளம்பரம், மாதச் சந்தா, பாதியில் கைவிடப்பட்ட ஆப்கள் என நாம் சலித்துக்கொள்ளும் பலவும் இந்த இடைவெளியில் முளைத்தவை என்பதுதான் என் எண்ணம்.

99 சென்ட் கணக்கு

ஆப்பிளின் ஆப் ஸ்டோர் 2008 ஜூலை 10 அன்று ஏறத்தாழ 500 ஆப்களோடு திறந்தது. முதல் வார இறுதிக்குள் ஒரு கோடிப் பதிவிறக்கம். அதுவரை வீட்டிலிருந்து மென்பொருள் எழுதி விற்க நினைத்தவர், பணம் வாங்குவதற்கு ஓர் ஏற்பாடு, வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஓர் ஏற்பாடு, திருட்டு நகலைத் தடுக்க இன்னொன்று என்று எல்லாவற்றையும் தானே கட்ட வேண்டியிருந்தது. இப்போது ஆண்டுக்கு 99 டாலர் கட்டினால் உலகச் சந்தை. விற்பதில் நூற்றுக்கு 70 எழுதியவருக்கு, 30 கடைக்கு.

அந்த முதல் மாதங்களின் கதைகள் யாரையும் மயக்கும். ஸ்டீவ் டெமிட்டர் என்பவர் ட்ரிஸம் என்ற புதிர் விளையாட்டை 5 டாலருக்கு விற்று இரண்டே மாதத்தில் இரண்டரை லட்சம் டாலர் சம்பாதித்தார். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பொறியாளராக இருந்த ஈதன் நிக்கலஸ், ஒரு கையில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மறு கையால் ஐஷூட் என்ற பீரங்கி விளையாட்டை எழுதினார். முதலில் விற்பனை மந்தம். இலவசமாக ஒரு சின்னப் பதிப்பைக் கொடுத்துப் பார்த்தார். 2009 ஜனவரியில் அசல் விளையாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது, அவர் வேலையை விட்டார். பத்திரிகைகள் இந்தக் கதைகளைக் கொண்டாடின. ‘சனி ஞாயிறு உட்கார்ந்தால் ஒரு ஆப், ஒரு ஆப் என்றால் ஒரு வீடு’ என்ற நம்பிக்கை உலகம் முழுக்கப் பரவியது.

அதே நேரத்தில் விலை சரிந்துகொண்டிருந்ததை அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை. கடையில் ஒரு ஆப் கண்ணில் பட வேண்டுமானால் விற்பனைப் பட்டியலில் மேலே இருக்க வேண்டும். அந்தப் பட்டியல் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று பார்த்தது, எவ்வளவு பணம் வந்தது என்று பார்க்கவில்லை. ஆகவே விலையைக் குறைத்தவர் மேலே ஏறினார். எல்லோரும் குறைத்தார்கள். வெகு சீக்கிரத்தில் 99 சென்ட் என்பதே ஆப்பின் இயல்பான விலையாக மக்கள் மனதில் பதிந்தது.

99 சென்ட்டில் எழுதியவர் கைக்கு வருவது சுமார் 70 சென்ட். ஆயிரம் பேர் வாங்கினால் 700 டாலர். ஆண்டுக் கட்டணம் போக 600. ஆயிரம் பேர் என்பது சின்ன ஆப்புக்குச் சாதாரணமாகக் கிடைக்கிற கூட்டம் அல்ல என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த ஆயிரம் பேரும் அடுத்த ஆண்டு, அதற்கடுத்த ஆண்டு, புதிய போன் மாற்றிய பிறகும் ஆப் ஓடும் என்று எதிர்பார்ப்பார்கள். ஓடாவிட்டால் ஒரு ஸ்டார் போடுவார்கள். கம்ப்யூட்டர் மென்பொருள் காலத்தில் புதிய பதிப்பு வரும்போது பழைய வாடிக்கையாளரிடம் பாதி விலை வாங்கும் வழக்கம் இருந்தது. எழுதியவருக்குத் தொடர் வருமானம் அதிலிருந்துதான் வந்தது. ஆப் ஸ்டோரில் அந்த வழியே வைக்கப்படவில்லை. இவ்வளவு பெரிய மாற்றத்தை ஏற்படுத்திய கடை, இந்தச் சின்னக் கதவை மட்டும் கட்டாமல் விட்டது. தனியாட்களின் கழுத்தை அதிகம் இறுக்கியது 30 சதவீதக் கமிஷனைவிட இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

2009 அக்டோபரில் ஆப்பிள் இலவச ஆப்களுக்குள்ளேயே பொருள் விற்க அனுமதித்தது. அதன் பிறகு 99 சென்ட்டும் மக்களுக்கு அதிகமாகத் தெரிய ஆரம்பித்தது.

ஓடு மாற்றும் வேலை

ஓட்டு வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். வீடு கட்டி முடிந்துவிட்டது என்று உட்கார முடியாது. ஆண்டுதோறும் மழைக்கு முன் ஒருவர் கூரையேறி உடைந்த ஓட்டை மாற்ற வேண்டும். ஆப்புக்கும் அப்படியொரு மழைக்காலம் ஆண்டுதோறும் வருகிறது. ஜூனில் ஆப்பிள் தன் அடுத்த இயங்குதளத்தைக் காட்டும், செப்டம்பரில் அது கோடிக்கணக்கான போன்களில் இறங்கும். நடுவிலிருக்கும் மூன்று மாதம் தனியாட்களுக்குத் தூக்கமில்லாத காலம். 2017இல் வந்த ஐஓஎஸ் 11, பழைய 32 பிட் ஆப்களை மொத்தமாக நிறுத்தியது. எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருந்தால், அவருடைய ஆப் அன்றோடு சரி. அதே ஆண்டு திரையின் மேல்பகுதியில் வெட்டு வைத்த ஐபோன் வந்தது. பழைய ஆப்களின் மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் திருத்த வேண்டியதாயிற்று. கூகுளும் 2018இலிருந்து ஆண்டுதோறும் ஆண்ட்ராய்டின் புதிய பதிப்புக்கு ஏற்ப ஆப்பை மாற்றியாக வேண்டும் என்று கெடு வைக்கிறது. இத்தனைக்கும் வாங்கியவர் கண்ணுக்கு எதுவும் மாறித் தெரியாது. அதே பொத்தான், அதே நிறம். அப்படித் தெரியாமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான் அந்த மூன்று மாத உழைப்பு.

2020இல் அந்த மூன்று மாதமும் முழுசாகக் கிடைக்கவில்லை. செப்டம்பர் 15 அன்று ஐஓஎஸ் 14 மறுநாளே வெளியாகும் என்று ஆப்பிள் அறிவித்தது. வழக்கமாக அறிவிப்புக்கும் வெளியீட்டுக்கும் நடுவில் ஒரு வாரமாவது இருக்கும். கடைசிச் சோதனையும் கடையின் ஒப்புதலும் அந்த வாரத்தில்தான் நடக்கும். ஒரே இரவு கொடுத்தால் என்ன செய்வது என்று டெவலப்பர்கள் கொதித்தார்கள்.

அந்த வாரம்தான் விட்ஜெட்ஸ்மித் வெளியானது. எழுதியவர் டேவிட் ஸ்மித், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துக்காரர். போனின் முகப்புத் திரையில் தேதி, கடிகாரம், படம், வானிலை ஆகியவற்றைச் சின்னச் சதுரங்களாக நம் விருப்பப்படி வைத்துக்கொள்ள உதவும் ஆப். ஐஓஎஸ் 14இல்தான் முகப்புத் திரையில் இப்படி வைக்க முதல்முறையாக இடம் கிடைத்தது. டிக்டாக்கில் இளைஞர்கள் தங்கள் போன் முகப்பை அலங்கரித்துக் காட்ட ஆரம்பித்தார்கள். எப்படிச் செய்தாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் விட்ஜெட்ஸ்மித் என்று பதில் போனது. சில நாட்களில் அது ஆப் ஸ்டோரின் முதலிடத்தில் இருந்தது. தனி ஒருவர் எழுதிய ஆப், கோடிக்கணக்கில் விளம்பரச் செலவு செய்யும் நிறுவனங்களுக்கெல்லாம் மேலே.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஸ்மித் 2008இலிருந்து ஆப் எழுதுகிறவர். விட்ஜெட்ஸ்மித்துக்கு முன் அவர் வெளியிட்டவை ஐம்பதுக்கும் மேல். பெரும்பாலானவற்றின் பெயர்கூட இன்று யாருக்கும் தெரியாது. 2013இல் வந்த ஐபோன் 5எஸ்ஸில் அசைவுகளை எண்ணத் தனியாக ஒரு சில்லு வைத்தார்கள். அது வந்த கையோடு நடையை எண்ணும் பெடோமீட்டர் பிளஸ் பிளஸ் என்ற ஆப்பை வெளியிட்டார். ஆப்பிளின் கைக்கடிகாரம் வந்தபோது தூக்கத்தை அளக்கும் ஆப். ஒவ்வொரு ஜூனிலும் ஆப்பிள் புதிதாக எந்த இடத்தைத் திறக்கிறது என்று பார்ப்பது, அந்த இடத்தில் பொருந்தும் சின்னப் பயன் ஒன்றை யோசிப்பது, செப்டம்பருக்குள் எழுதி முடிப்பது: பன்னிரண்டு ஆண்டுகளாகச் செய்த அதே வேலையைத்தான் 2020இலும் செய்தார். அந்த முறை கூட்டம் வந்தது.

அவர் அதை விற்ற விதம்தான் என் கட்டுரைக்கு முக்கியம். ஆப் இலவசம். வானிலை, கடல் ஓதம் போன்ற தகவல் வேண்டுமென்றால் மாதம் 1.99 டாலர் அல்லது ஆண்டுக்கு 19.99 டாலர் சந்தா. வானிலைத் தகவலை அவரும் விலைக்குத்தான் வாங்குகிறார். பயன்படுத்துகிறவர் எண்ணிக்கை ஏற ஏற அவருடைய பில்லும் ஏறும். ஒருமுறை 99 சென்ட் வாங்கியிருந்தால், ஆப் முதலிடத்துக்கு வந்த அந்த வாரமே கடன்காரராகும் வழியில் இறங்கியிருப்பார்.

சந்தா வழியும் எல்லோருக்கும் முதலிலிருந்தே திறந்திருக்கவில்லை. 2016இல்தான் ஆப்பிள் எல்லா வகை ஆப்களுக்கும் அனுமதித்தது. ஓராண்டு தாண்டிய சந்தாதாரர்களிடம் தன் கமிஷனை 15 சதவீதமாகவும் குறைத்தது. 2021 ஜனவரியிலிருந்து ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலருக்குள் இருக்கும் சிறிய டெவலப்பர்களுக்கு எல்லா விற்பனைக்கும் 15 சதவீதம் என்றானது. அதே ஆண்டு ஜூலையில் கூகுளும் முதல் 10 லட்சம் டாலர் வரை 15 என்று இறங்கியது. கடை திறந்து பன்னிரண்டு ஆண்டு கழித்துக் கிடைத்த சலுகை.

இடைப்பட்ட காலத்தில் எழுதுகிறவர்கள் எப்படியெல்லாம் தடுமாறினார்கள் என்பதற்கு ஒரே ஒரு ஆப் போதும். பாட்காஸ்ட் கேட்பதற்கான ஓவர்காஸ்டை மார்கோ ஆர்மென்ட் 2014இல் இலவசமாக வெளியிட்டார். நல்ல வசதிகள் வேண்டுமானால் ஒருமுறை 4.99 டாலர். மறு ஆண்டு, பெரும்பாலானோர் பணம் கட்டாமல் குறைபட்ட ஆப்பைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று கண்டு எல்லா வசதிகளையும் இலவசமாகத் திறந்துவிட்டு, விரும்பியவர்கள் ஆதரவுத் தொகை கொடுங்கள் என்றார். அதற்கடுத்த ஆண்டு விளம்பரம் வந்தது, விளம்பரம் வேண்டாதவர்களுக்கு ஆண்டுச் சந்தா வந்தது. ஒரே ஆப், ஏறத்தாழ இரண்டே ஆண்டில் மூன்று விதமான வியாபாரம். இத்தனைக்கும் அவர் இன்ஸ்டாபேப்பர் என்ற புகழ்பெற்ற ஆப்பைச் செய்து பெயர் வாங்கியிருந்தவர்.

சந்தா என்றதும் எரிச்சல்படும் வாசகர்களின் பக்கமும் நியாயம் உண்டு. மூன்று நாள் இலவசம் என்று இழுத்து, வாரச் சந்தா பிடுங்கும் கால்குலேட்டர்களும் க்யூஆர் ஸ்கேனர்களும் கடையில் இருக்கின்றன. அவற்றை வழிப்பறி என்றுதான் சொல்ல வேண்டும். அவற்றால் கெட்ட பெயர் வாங்குவது, மாதம் இவ்வளவு செலவாகிறது, இவ்வளவு கொடுங்கள் என்று வெளிப்படையாகக் கேட்கும் தனியாட்கள்.

பதினான்கு மாதமும் ஒரு வார இறுதியும்

2014 பிப்ரவரியில் த்ரீஸ் என்ற எண் விளையாட்டு வந்தது. 1.99 டாலர். ஏஷர் வால்மரும் கிரெக் வால்வெண்டும் அதைப் பதினான்கு மாதம் செதுக்கினார்கள். நான்குக்கு நான்கு கட்டம். ஒன்றும் இரண்டும் சேர்ந்தால் மூன்று. பிறகு ஒரே எண்கள் இரண்டு சேர்ந்தால் இரட்டிப்பு. பார்த்தால் ஒரு மாலையில் எழுதிவிடலாம் என்று தோன்றும். அந்தத் தோற்றத்தை அடைவதற்குத்தான் பதினான்கு மாதம். இலவசக் காப்பிகள் சில வாரங்களிலேயே வந்துவிட்டன. மார்ச்சில் 19 வயது இத்தாலிய இளைஞர் கேப்ரியேல் சிருல்லி, அந்தக் காப்பிகளைப் பார்த்து ஒரு வார இறுதியில் 2048 என்ற விளையாட்டை எழுதினார். காசு பார்க்கும் எண்ணம் அவருக்கு இல்லை. அதன் நிரலையும் எல்லோருக்கும் திறந்து வைத்தார். உலகம் அதைத்தான் விளையாடியது. நம் ஊர்ப் பேருந்துகளிலும் அலுவலகங்களிலும் 2048 விளையாடிய பலருக்கு த்ரீஸ் என்ற பெயரே தெரியாது.

த்ரீஸ் செய்தவர்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட நூற்றுக்கணக்கான மின்னஞ்சல்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். எத்தனை யோசனைகளைப் போட்டுப் பார்த்துத் தூக்கியெறிந்தோம் என்று உலகத்துக்குக் காட்டுவதற்காக. விளையாட்டின் விதிமுறைக்குப் பதிப்புரிமை கிடையாது; நிரலுக்கும் படத்துக்கும் இசைக்கும்தான் உண்டு. ஆகவே வழக்குப் போட வழியில்லை. 2015இல் அவர்களும் விளம்பரம் வைத்த இலவசப் பதிப்பை வெளியிட்டார்கள்.

அதே பிப்ரவரியில், வியட்நாமின் ஹனோயில் பெற்றோருடன் வசித்த டாங் நுயென் தன் ஃப்ளாப்பி பேர்ட் விளையாட்டைக் கடையிலிருந்து எடுத்தார். சில நாளில் எழுதிய இலவச விளையாட்டு, விளம்பரத்தில் நாளொன்றுக்கு 50,000 டாலர் வருவதாகச் சொன்னவர். மக்கள் அதற்கு அடிமையாவது தாங்கவில்லை என்றார். வெற்றி வந்த பிறகும் நிம்மதி வரவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பெயர் மட்டும் ஒன்றாக இருந்ததால் கூட்டம் வந்த கதையும் உண்டு. 2022 ஜனவரியில் ஜாஷ் வார்டில் இணையத்தில் நடத்திய வேர்டில் என்ற சொல் விளையாட்டு புகழ்பெற்றபோது, அதற்கு ஆப் கிடையாது. ஸ்டீவன் கிரவோட்டா பதினெட்டு வயதில் எழுதி மறந்துபோயிருந்த, அதே பெயர் கொண்ட வேறொரு விளையாட்டை மக்கள் தவறுதலாக இறக்கித் தள்ளினார்கள். அவர் வார்டிலைத் தொடர்புகொண்டு, அப்படி வந்த பணத்தைக் குழந்தைகளின் படிப்புக்கு உதவும் ஓர் அமைப்புக்குக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். அதே நாட்களில் வேண்டுமென்றே அந்தப் பெயரில் காப்பி எழுதியவர்களின் ஆப்களை ஆப்பிள் நீக்கிக்கொண்டிருந்தது.

நம் பக்கத்துக் கணக்கு

நம் ஊரில் பெரும்பாலோர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு. ஆகவே இங்கே தனியாக ஆப் எழுதத் தொடங்குகிறவருக்கு முதல் வாசல் ப்ளே ஸ்டோர். 25 டாலர் ஒருமுறை கட்டினால் போதும். ஆப்பிளுக்குப் போல ஆண்டுதோறும் எட்டாயிரம் ரூபாய்க்கு மேல் வேண்டாம். ஆனால் 2023 நவம்பர் 13க்குப் பிறகு தனிநபர் பெயரில் கணக்குத் தொடங்கியவர், ஆப்பைப் பொதுவில் வெளியிடுவதற்கு முன் 20 பேரைத் தொடர்ந்து 14 நாள் சோதிக்க வைக்க வேண்டும் என்று கூகுள் விதி போட்டது. 2024 டிசம்பரில் அது 12 பேராகக் குறைந்தது. நிறுவனத்தின் பெயரில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இந்த விதி இல்லை. குப்பை ஆப்களையும் மோசடியையும் தடுக்கத்தான் என்றாலும், சுமை யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். ஒரு நிறுவனத்துக்கு 12 பேர் என்பது பக்கத்து அறை. கல்லூரி முடித்துவிட்டுச் சிற்றூரில் தனியாக உட்கார்ந்து எழுதுகிறவருக்கு, நினைவு வைத்துக்கொண்டு இரண்டு வாரம் ஆப்பை அழிக்காமல் வைத்திருக்கும் 12 பேர் என்பது பெரிய கூட்டம். ‘நீ என் ஆப்பை டெஸ்ட் பண்ணு, நான் உன்னுடையதைப் பண்ணுகிறேன்’ என்று முன்பின் தெரியாதவர்கள் இணையத்தில் குழு அமைத்து மாற்றிக்கொள்கிறார்கள். சோதனையின் நோக்கம் அங்கே காணாமல் போகிறது.

பணம் வாங்கும் ஆப் என்றால் இன்னொன்றும் சேர்கிறது: எழுதியவரின் முழு முகவரி ப்ளே ஸ்டோர் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கும். அலுவலகம் இல்லாதவருக்கு அது வீட்டு முகவரிதான். வாங்குகிறவருக்கு விற்பவர் யாரென்று தெரிய வேண்டும் என்பது சரி. ஆனால் வீட்டிலிருந்து ஆப் எழுதும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். ஒரு ஸ்டார் போட்டுத் திட்டுகிற யாரும் கதவுவரை வந்துவிடலாம் என்ற அச்சத்தோடு அவர் எத்தனை ஆப்களை வெளியிடுவார்?

விளம்பரம் வைத்தால்? கூகுளின் ஆட்மாப் மூலம் விளம்பரம் காட்டி வரும் பணம் 100 டாலர் சேர்ந்த பிறகுதான் வங்கிக்கு வரும். இந்தியப் பயனாளரிடம் ஒரு விளம்பரத்துக்குக் கிடைப்பது அமெரிக்கரிடம் கிடைப்பதைவிட மிகக் குறைவு என்பதால், சின்ன ஆப் ஒன்று அந்த முதல் 100 டாலரைத் தொடுவதற்குள் மாதங்கள் ஓடும். ஆர்வக்கோளாறில் தன் ஆப்பின் விளம்பரத்தைத் தானே தட்டிப் பார்த்தாலோ, நண்பர்களைத் தட்டச் சொன்னாலோ கணக்கே முடங்கலாம்.

விலை வைக்கலாமா என்றால், அதற்கும் இங்கே ஒரு வரலாறு உண்டு. ப்ளே ஸ்டோரில் இந்தியாவுக்கான குறைந்தபட்ச விலை 50 ரூபாயாக இருந்தது. 2015இல்தான் 10 ரூபாய்க்கு இறங்கியது. சந்தா என்ற வழி மெல்ல ஊன்றும் நேரத்தில், 2021 அக்டோபர் 1 முதல் அட்டையிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் வந்தன. கேட்காமல் பணம் போவதைத் தடுக்கும் விதி அது, மக்களுக்கு நல்லது. ஆனால் அதற்கு ஏற்ப வங்கிகளும் கடைகளும் தயாராகும்வரை சந்தாக்கள் அறுந்தன. ஆப்பிள் 2022இல் இந்திய அட்டைகளை ஏற்பதையே நிறுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் ப்ளே ஸ்டோருக்கு யுபிஐ ஆட்டோபே வந்தது. டீக்கடையில் ஸ்கேன் செய்கிற அதே கணக்கிலிருந்து ஒரு ஆப்புக்கு மாதச் சந்தா கட்ட முடிகிறது என்பது, தமிழில் ஆப் எழுதி ஒரு சின்னக் கூட்டத்தை நம்பியிருப்பவருக்கு, இந்தப் பதினைந்து ஆண்டுகளில் நடந்த மிக நல்ல மாற்றம். அட்டை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் சந்தா விற்ற காலம் அதோடு முடிந்தது.

கடைக்காரரோடு மோதினால் என்ன ஆகும் என்பதைச் சென்னைக்காரர்கள் கண்ணெதிரே பார்த்தார்கள். 2024 மார்ச் 1 அன்று, கமிஷன் தகராறில் கூகுள் பத்து இந்திய நிறுவனங்களின் ஆப்களை ப்ளே ஸ்டோரிலிருந்து நீக்கத் தொடங்கியது. அதில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனியும் ஒன்று. ஒன்றிய அமைச்சர் தலையிட்டார், பேச்சு நடந்தது, சில நாளில் ஆப்கள் திரும்பி வந்தன. இந்தியப் போட்டி ஆணையம் 2022இலேயே ப்ளே ஸ்டோரின் கட்டண முறைக்காக கூகுளுக்கு 936 கோடி ரூபாய் அபராதம் விதித்திருந்தது. மேல்முறையீட்டில் அது 2025இல் சுமார் 217 கோடியாகக் குறைந்தது. வழக்கறிஞர்களும் அமைச்சர்களும் துணைக்கு வரும் அளவுக்குப் பெரிய நிறுவனங்கள் அவை. தனியாளின் ஆப் நீக்கப்பட்டால் அவரிடம் இருப்பது ஒரு மேல்முறையீட்டுப் படிவம். பதிலாக வருவது பெரும்பாலும் முன்பே எழுதி வைத்த நாலு வரி.

இவ்வளவு இருந்தும் எதற்காக எழுதுகிறார்கள்? பெரிய நிறுவனம் எண்ணிக்கையில் சேர்க்காத ஒரு கூட்டத்தை இவர்கள் எண்ணுகிறார்கள் என்பதுதான் எனக்குத் தெரிந்த பதில். மலேசியாவின் முத்து நெடுமாறன், கணினியில் தமிழுக்காக 1980களிலேயே முரசு அஞ்சலைத் தொடங்கியவர். அவர் உருவாக்கிய செல்லினம் 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியானது. ஐபோனும் ஆப் கடையும் பிறக்காத காலம். பொத்தான் வைத்த கைப்பேசிகளில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப அது வழி செய்தது. பின்னர் ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது, இலவசமாகவே. ஐபோனில் வெளியார் எழுதிய விசைப்பலகை மற்ற ஆப்களிலும் வேலை செய்ய ஆப்பிள் 2014இல் ஐஓஎஸ் 8 வந்த பிறகே இடம் கொடுத்தது. அதுவரை செல்லினத்தைத் திறந்து அதற்குள் எழுதி, நகலெடுத்து, வேறு இடத்தில் ஒட்டினோம். அப்படி ஒட்டிய வாசகர்கள் பலர் இதைப் படிப்பீர்கள்.

ஜப்பானில் மசாகோ வகாமியா என்ற பெண்மணி, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், 81 வயதில் ஒரு ஐபோன் விளையாட்டை வெளியிட்டார். முதியவர்களுக்கு ஏற்ற விளையாட்டே கடையில் இல்லை, யாராவது எழுதுங்களேன் என்று கேட்டுப் பார்த்துப் பலிக்காமல் தானே நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். மார்ச் 3இல் வரும் ஹினா திருவிழாவில் பொம்மைகளைப் படிகளில் அடுக்குவார்கள், நம் நவராத்திரிக் கொலு மாதிரி; எந்தப் பொம்மை எந்த இடம் என்பது பாட்டிகளுக்கு அத்துப்படி. அதைச் சரியாக வைப்பதுதான் விளையாட்டு. விரலால் வேகமாகத் தேய்க்கத் தேவையில்லை, மெதுவாகத் தட்டினால் போதும். பேரனைப் பாட்டி தோற்கடிக்கலாம். 2017இல் ஆப்பிள் தன் ஆண்டு மாநாட்டுக்கு அவரை அழைத்தது.

அடுத்தவர் நிலத்தில்

கடைக்காரர் நினைத்தால் சரக்கையே தானே செய்துவிடலாம். 2013இல் ஐஓஎஸ் 7 வந்தபோது டார்ச் போனிலேயே சேர்ந்துவிட்டது. அதுவரை டார்ச் ஆப் விற்றவர்களுக்கு அன்றோடு கடை மூடியது. அது நடக்கும் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கும். கனடாவின் ஹாலிஃபாக்ஸில் இருக்கும் கிறிஸ்டியன் செலிக்குக்கு நடந்தது வேறு விதம்.

ரெட்டிட் என்ற விவாதத் தளத்தைப் போனில் படிப்பதற்காக அவர் எழுதிய அப்பல்லோ 2017 அக்டோபரில் வந்தது. ரெட்டிட் நிறுவனத்தின் சொந்த ஆப்பைவிட இது நன்றாக இருக்கிறது என்று பல லட்சம் பேர் இதற்கு மாறினார்கள். விரும்பியவர்கள் சந்தா கட்டினார்கள். ரெட்டிட்டின் தகவல்களை எடுக்க அவர் கட்டணம் எதுவும் கட்ட வேண்டியிருக்கவில்லை. 2023இல் அந்த விதி மாறியது. மே மாத இறுதியில் அவருக்குச் சொல்லப்பட்ட விலை: ஐந்து கோடி கோரிக்கைகளுக்கு 12,000 டாலர். அப்பல்லோ மாதத்துக்கு 700 கோடி கோரிக்கைகள் அனுப்பிக்கொண்டிருந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர். படங்களைச் சேமித்துத் தரும் வேறொரு சேவைக்கு அதே ஐந்து கோடிக்குத் தான் கட்டுவது 166 டாலர் என்று அவர் ஒப்பிட்டுச் சொன்னார். புதிய விலை நடைமுறைக்கு வர ஒரே ஒரு மாதம்தான் இருந்தது.

ஜூன் 30 அன்று அப்பல்லோ மூடப்பட்டது. ஓராண்டுக்கு முன்பணமாகச் சந்தா கட்டியிருந்தவர்களுக்கு மீதி மாதங்களுக்கான பணத்தைத் திருப்பித் தர வேண்டும். எல்லோரும் கேட்டால் சுமார் இரண்டரை லட்சம் டாலர் அவர் கையிலிருந்து போகும் நிலை. ஆப்பின் கடைசிப் பதிப்பில் ஒரு பொத்தான் வைத்தார்: எனக்குப் பணம் திரும்ப வேண்டாம். அதே ஆண்டு ஜனவரியில் ட்விட்டர் முன்னறிவிப்பே இல்லாமல் வெளியார் ஆப்களை அறுத்துவிட்டபோது, ட்வீட்பாட், ட்விட்டரிஃபிக் ஆகிய ஆப்களைச் செய்த சிறு நிறுவனங்களும் இதே வேண்டுகோளைத்தான் வைத்தன. அப்படிக் கேட்கும் தைரியம் அவர்களுக்கு வந்தது, எதற்காகப் பணம் கட்டுகிறோம், யாருக்குக் கட்டுகிறோம் என்று அந்தச் சந்தாதாரர்களுக்குத் தெரிந்திருந்ததால். 99 சென்ட் வாடிக்கையாளரிடம் அப்படிக் கேட்டிருக்க முடியாது.

செலிக் எழுதுவதை நிறுத்தவில்லை. 2024 பிப்ரவரியில் ஆப்பிள் தன் விஷன் ப்ரோ கண்ணாடியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதில் யூடியூப்புக்கு ஆப் இல்லை, கூகுள் செய்யவில்லை. செலிக் ஜூனோ என்ற பெயரில் ஒன்றை எழுதி 4.99 டாலருக்கு விற்றார். ஒருமுறை விலை, சந்தா இல்லை. யூடியூப் தரப்பிலிருந்து ஆட்சேபம் வந்தது, அக்டோபரில் ஆப்பிள் அதைக் கடையிலிருந்து எடுத்தது. ஏற்கெனவே வாங்கியவர்கள் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்றார் செலிக், யூடியூப் தன் பக்கத்தில் எதையாவது மாற்றி அது ஓடாமல் போகிறவரை. மாற்றினால் சரிசெய்து அனுப்ப அவருக்கு இனி வழியில்லை.